குவிமாடத்தின் கீழே – 11: தேநீருக்குப் பின் மேகம்

புதன்கிழமை மதியம் மூன்று மணியானால் எனக்கு வேலை ஓடாது. ஜன்னல் வழியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்டோபரிலிருந்து மார்ச் வரை, புதன் மாலைகளில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வானியல் நிறுவனம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. முதலில் அரை மணி நேரச் சொற்பொழிவு. அது மழை பெய்தாலும் உண்டு. பிறகு, வானம் மனது வைத்தால், தொலைநோக்கிகள். புல்வெளியில் நிற்கும் சிறிய தொலைநோக்கிகளில் ஒன்றுக்கு நான் காவல்.

இந்த நடுங்கும் குளிரில்தான் இதை நடத்த வேண்டுமா என்று கேட்காதவர்கள் இல்லை. 52 டிகிரி வடக்கில், ஜூன் மாதத்தில் இரவு முழுக்க வானம் சரியாக இருட்டுவதே இல்லை. இருட்டு வேண்டுமென்றால் குளிரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். குவிமாடத்துக்குள்ளாவது ஒரு ஹீட்டர் வைக்கலாமே என்பார்கள். வைத்தால் சூடான காற்று கூரைத் திறப்பு வழியே மேலே போகும். மே மாதத்துத் தார்ச் சாலையில் கானல் நெளிவதுபோல நட்சத்திரமும் நெளியும். உள்ளே இருக்கும் காற்றும் வெளிக்காற்றும் ஒரே குளிருக்கு வரட்டும் என்றுதான் கூரையை முன்கூட்டியே திறந்துபோடுவது.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். ஐபீஸில் கண் வைத்தவரிடம் "தெரியுதா?" என்று கேட்பேன். "தெரியுது, அருமை" என்பார்கள். வரிசை நகரும். ஒருநாள் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேன். ஐந்து பேர் பார்த்து, ஐந்து பேரும் அருமை என்றார்கள். ஆறாவதாக வந்த சிறுமிதான் "கறுப்பா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன்: "என்ன தெரியுது?" இதற்கு மரியாதைக்காகப் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்தால் நாற்பது பேர் வரிசைக்கு நாற்பது நிமிடம். இந்தக் கேள்வியால் அது ஒரு மணி நேரமாகிறது. ஆகட்டும்.

எனக்குப் பின்னால் உள்ள குவிமாடத்தில்தான் நார்தம்பர்லாந்து தொலைநோக்கி இருக்கிறது. நார்தம்பர்லாந்து பிரபு பணம் கொடுத்தார், ஜார்ஜ் பிடெல் ஏரி வடிவமைத்தார், 1838-இல் நிறுவினார்கள். பாரிஸில் கோஷ்வா செய்த 11.6 அங்குல வில்லை அதில் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது உலகின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று. வில்லையைப் பின்னாளில் மாற்றிவிட்டார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு நான் சொல்வது அதன் பெருமையை அல்ல, அது கோட்டைவிட்ட கதையை.

1846. யுரேனஸ் தன் பாதையில் கொஞ்சம் பிசகி ஓடுவதற்கு, அதற்கு அப்பால் இருக்கும் இன்னொரு கோளின் இழுப்புதான் காரணமாக இருக்க வேண்டும். அது எங்கே இருக்கும் என்று இதே கேம்பிரிட்ஜில் ஜான் கூச் ஆடம்ஸும், பிரான்ஸில் லெ வெரியேவும் ஒருவரையொருவர் அறியாமல் கணக்குப் போட்டார்கள். தேடும் பொறுப்பு இங்கிருந்த பேராசிரியர் ஜேம்ஸ் சாலிஸிடம் வந்தது. அவர் ஜூலை 29 அன்று தொடங்கினார். வானத்தின் அந்தப் பகுதிக்கு நல்ல வரைபடம் அவரிடம் இல்லை. அதனால் கண்ணில் பட்ட நட்சத்திரங்களின் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்வது, வேறொரு நாள் திரும்பவும் குறிப்பது, இரண்டையும் ஒப்பிட்டு எது நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. பொறுமைசாலியின் வழி. தப்பே இல்லை.

ஆகஸ்ட் 4 அன்று அந்தக் கோள், அதாவது நெப்டியூன், அவர் குறிப்பேட்டில் விழுந்தது. ஆகஸ்ட் 12 அன்று மறுபடியும் விழுந்தது. ஆகஸ்ட் 12-இன் பட்டியலை ஜூலை 30-இன் பட்டியலோடு ஒப்பிட உட்கார்ந்தவர், 39 நட்சத்திரங்கள் வரை சரிபார்த்துவிட்டு, முறை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று திருப்தியாகி எழுந்துவிட்டார். 49-ஆவதாக எழுதியிருந்தது ஜூலை 30 பட்டியலில் கிடையாது. அதுதான் கோள். இன்னும் பத்தே வரி! கணக்குப் புத்தகம் தணிக்கை செய்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

செப்டம்பர் 23 அன்று பெர்லினில் காலேயும் தாரெஸ்ட் என்ற மாணவரும் புது வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி இங்கே வந்து சேராத நிலையில், செப்டம்பர் கடைசியில், சாலிஸுக்கு ஒரு நட்சத்திரம் மட்டும் புள்ளியாக இல்லாமல் சின்ன வட்டாகத் தெரிந்ததாம். டிரினிட்டி கல்லூரியில் சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் அதைச் சொல்ல, பக்கத்திலிருந்த கிங்ஸ்லி என்பவர், உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பார்த்துவிடலாமே என்று கிளப்பியிருக்கிறார். இருவரும் வானாய்வகத்துக்கு வந்தார்கள். முதலில் தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றாராம் திருமதி சாலிஸ். குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேகம். வாய்வழி வந்த கதை. எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்று தெரியாது. ஆனால் இந்த ஊர் மேகத்தை அறிந்த நான் அதை நம்புகிறேன்.

நம்மூர்க்காரர்கள் வந்தால் தெற்கில் தாழ்வாகப் பல நிறங்களில் துடிக்கும் சிரியஸைக் காட்டுவேன். சென்னையில் 60 டிகிரி உயரத்துக்கு ஏறும் நட்சத்திரம் இங்கே 21 டிகிரியைத் தாண்டாது. கனமான காற்று வழியே வருவதால் இந்தத் துடிப்பு. அதற்குத் துணையாக ஒரு வெள்ளைக் குள்ளன் உண்டு. என் தொலைநோக்கியில் தெரியாது, இருப்பதைச் சொல்லத்தான் முடியும். அப்படிப்பட்ட குள்ளன்களின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைச் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930-இல் கேம்பிரிட்ஜ் வரும் வழியில், கப்பலில் கணக்குப் போட்டார். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் அதைக் கேலி செய்த எடிங்டன், இந்த வானாய்வகத்தின் அன்றைய இயக்குநர். இந்த வளாகத்திலேயே குடியிருந்தவர். அவர் குடியிருந்த கட்டடத்தை இருட்டில் கைகாட்டும்போது என் குரலில் லேசாக ஊர்ப்பாசம் ஏறிவிடும். அடக்க முயல்வதில்லை.

ஒரு ஜனவரிப் புதன். அரை நிலா. மகனோடு ஓர் ஆச்சி வந்திருந்தார், திருநெல்வேலிப் பக்கம். மங்கி கேப், புடவைக்கு மேல் மகனின் கோட்டு. முதலில் ஓரியன் நெபுலாவைக் காட்டினேன். படங்களில் பார்த்த சிவப்பும் ஊதாவும் இல்லையே என்று எல்லோரும் முகம் சுளிக்கும் இடம் இது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது என்று விளக்கம் சொல்லத் தயாராக நின்றேன்.

"என்ன தெரியுது ஆச்சி?"

"சாம்பிராணி போட்டாப்ல இருக்கு. நடுவுல நாலு கங்கு கெடக்கு."

அந்த நான்கு நட்சத்திரங்களைச் சொல்லிக்கொடுக்காமல் பிரித்துச் சொன்னவர்கள் அன்று வேறு யாருமில்லை. அடுத்து நிலாவுக்குத் திருப்பினேன். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்திருந்தது. என் தொலைநோக்கியில் மோட்டார் கிடையாது. நூறு மடங்கு பெருக்கத்தில் நிலா இரண்டு நிமிடத்தில் வட்டத்தைக் கடந்து போய்விடும்.

"ஏ தம்பி, இது நிக்க மாட்டேங்கு. நவுந்துட்டே போகுதுல்லா."

"நவுறது அது இல்ல ஆச்சி. நாமதான் சுத்துறோம்."

கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். காலடியில் இருந்த புல்லைப் பார்த்தார். மறுபடி ஒரு மட்டம் பார்க்க வேண்டும் என்று வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். அவர் முறை வருவதற்குள் மேற்கிலிருந்து மேகம் ஏறி நிலாவை மூடிவிட்டது. கூட்டம் கலைந்தது. மகன் கைகளைத் தேய்த்துக்கொண்டே, "வாங்கம்மா, வீட்டுக்குப் போயி சூடா டீ குடிக்கலாம்" என்றார்.

"டீ எங்க போகுது? இரு, வெலகட்டும்."

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அவரோடு நின்றேன்.

(தொடரும்)