இணையவழிக் கற்றல் தளங்களும் நன்னூலார் கணக்கும்

மாணாக்கன் பெறும் புலமை முழுவதும் ஆசிரியன் வாயிலாகவே வருவதன்று. ஆசிரியன் உரைத்ததனைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் அதனாற் கிட்டுவது காற்பங்கே; உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் கிட்டும் எனப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திற் கணக்கிட்டார். இக்காலப் பாடசாலைகளிற் பரவிவரும் இணையவழிக் கற்றல் முகாமைத்துவத் தளங்களை மதிப்பிடுவார்க்கு இக்கணக்கு ஏற்றதோர் அளவுகோலாகும்.

தளம் என்பது யாது? பாடக்குறிப்பு, ஒப்படை, வினாத்தாள், புள்ளி, கலந்துரையாடல் ஆகிய யாவற்றையும் ஓரிடத்தே தொகுத்து, மாணவர் ஒவ்வொருவருக்கும் தனி நுழைவுரிமை அளித்து, அவர் செய்தவற்றைப் பதிந்து காக்கும் கணினி ஏற்பாடே அது.

இதற்கு முன்னோடியாக அமைந்தது 1960இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிற்சர் முதலானோர் தொடங்கிய பிளேட்டோ என்னும் கணினி முறையாகும். அது பாடத்தையும் வினாவையும் திரையிற் காட்டி, விடையைப் பெற்று, சரி பிழை கூறியது. 1973இல் பயில்வோர் தம்முட் கருத்துப் பரிமாறும் வசதியும் அதனோடு சேர்ந்தது. 1990களின் நடுப்பகுதியிற் கனடாவின் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மறே கோல்ட்பேர்க் வெப்சீரீ என்னும் தளத்தை ஆக்கினார். 1997இல் பிளாக்போர்ட் நிறுவனம் தோன்றியது. 2006இல் வெப்சீரீ அதனோடு இணைந்தது. இவை விலைகொடுத்து உரிமம் பெறவேண்டியவை ஆகலின், பொருள்வளம் குறைந்த பாடசாலைகளுக்கு எட்டாதிருந்தன.

இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் மார்ட்டின் டூகியாமாஸ் ஆவர். மேற்கு அவுத்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்த அவர், தொலைவிலிருக்கும் ஆசிரியரின் குரலை வானொலியிற் கேட்டுப் பயிலும் முறையிலே இளமைக் கல்வி பெற்றவர். பேர்த் நகரின் கேட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சீரீயைப் பராமரித்துவந்த அவர், அதில் நிறைவு காணாது, 2002இல் மூடில் என்னும் தளத்தை வெளியிட்டார். அதனை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். தம் மொழியிலும் அமைக்கலாம். தமிழும் அவ்வாறு அதில் இடம்பெற்றுள்ளது.

அதனினும் கருதத்தக்கது அவர் கொண்ட கல்விக் கொள்கையாகும். பிறர் காண ஒன்றை ஆக்கும்போதும், பிறரோடு கூடி ஆராயும்போதுமே மாணவர் நன்கு கற்கின்றனர் என்பது அக்கொள்கை. ஆகவே மாணவரே சொற்பொருள் அகராதி தொகுத்தற்கும், ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பிடுதற்கும் மூடிலில் வழியுண்டு. நன்னூலார் கூறிய பின்னிரு பங்குகளும் இவற்றின் வாயிலாகவே எய்தப்படும் என்க.

2020 மார்ச்சில் நோய்ப்பரவல் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பல இடங்களில் நிகழ்ந்தது குறிப்புகளை வாட்சப் வழியே அனுப்புதலே. கைத்தொலைபேசியோ இணைய வசதியோ இல்லாத மாணவர்க்கு அதுவும் கிட்டவில்லை. கிட்டியவர் பெற்றதும் பெரும்பாலும் முதற் காற்பங்கேயாம். மாணவன் குறிப்பைத் திறந்த நேரத்தைத் தளம் பதியும். அவன் பொருளுணர்ந்தானா என்பதை அப்பதிவு காட்டாது.

ஆகலின் ஒரு பாடசாலை தளம் அமைக்க முற்படுங்கால், எத்துணைக் குறிப்புகள் ஏற்றப்பட்டன என்பதோடு அமையாது, மாணவர் எத்துணை எழுதினர், ஒருவருக்கொருவர் எவற்றை விளக்கினர், வசதியற்றார்க்குப் பாடசாலைக் கணினிக்கூடம் எந்நேரம் திறந்திருந்தது என்பவற்றையும் கணக்கிடல் வேண்டும். அங்ஙனம் செய்யின், தொலைவிலிருந்து கற்போர்க்கும் எஞ்சிய முக்காற் பங்கு கைகூடும்.