ஒரே பெயர், ஒரே 125 குதிரைத்திறன்... ஆனா ரெண்டும் ஒண்ணா? ஃபோர்டு பூமா அன்றும் இன்றும்

ஐரோப்பாவில் யாராவது "என்கிட்ட ஃபோர்டு பூமா இருக்கு" என்றால், அடுத்த கேள்வி "எந்த பூமா?" என்பதுதான். 1997-ல் வந்தது தாழ்வான, குட்டி கூப்பே. 2002-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 2019-ல் அதே பெயர் ஒரு சின்ன எஸ்யூவி-யின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. பழைய ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

இரண்டுமே ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் பிறந்தவை. அதைவிட வேடிக்கை, இன்ஜின். பழைய பூமாவில் 1.7 லிட்டர், நான்கு சிலிண்டர். யமஹாவுடன் சேர்ந்து உருவாக்கியது (ஆமா, அதே பைக் யமஹாதான்). சக்தி 125 குதிரைத்திறன். புதிய பூமாவில் 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, கூடவே மைல்டு ஹைப்ரிட். அதன் ஆரம்ப வகையிலும் அதே 125!

அப்போ எது வேகம்? 100 கி.மீ. வேகத்தைத் தொட பழையதுக்கு சுமார் 9.2 விநாடி, புதியதுக்கு சுமார் 9.8. அரை விநாடிதான் வித்தியாசம். காகிதத்தில் இது ஒண்ணுமே இல்லை.

விஷயம் எடையில் இருக்கு. கூப்பே ஏறக்குறைய 1,040 கிலோ. எஸ்யூவி 1,280 கிலோவை நெருங்குகிறது. மூன்று பெரியவர்கள் எப்போதும் பின்சீட்டில் உட்கார்ந்து வருவது மாதிரி! உயரமும் அதிகம். நேர் ரோட்டில் டர்போ இதை மறைத்துவிடும். வளைவில் மறைக்க முடியாது. தரையை ஒட்டி உட்கார்ந்து, ஸ்டீயரிங் வழியாக ரோட்டை உணர்ந்து திருப்புவதுதான் பழைய பூமாவின் சுகம். ஆனால் அந்தக் கூடுதல் கிலோக்கள் வீண் இல்லை. மோதலைத் தாங்கும் கூடு, ஏர்பேக், ஹைப்ரிட் பேட்டரி எல்லாம் அதில்தான் வருகிறது. 2019 யூரோ என்கேப் சோதனையில் புதிய பூமாவுக்கு 5 நட்சத்திரம் கிடைத்தது. குழந்தையோடு போகிறவருக்கு வளைவு சுகத்தைவிட இதுதான் முக்கியம். அதைத் தப்பு சொல்ல முடியாது.

டிக்கியில் போட்டியே இல்லை: 240 லிட்டர் எங்கே, 456 லிட்டர் எங்கே! தரைக்கு அடியில் 80 லிட்டர் பெட்டி ஒன்று. சேறு பட்ட ஷூவைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவி, அடியில் உள்ள மூடியைத் திறந்துவிட்டால் போதும். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் பிரிட்டனில் அதிகம் விற்ற கார் இதுதான்.

கூப்பேயிடம் இருப்பது கெத்து. 1980-லேயே இறந்துவிட்ட நடிகர் ஸ்டீவ் மெக்வீன், 'புல்லிட்' படக் காட்சிகளின் உதவியால் 1997 விளம்பரத்தில் அதை ஓட்டினார்! கூடவே துருவும் இருக்கு. பின்சக்கர வளைவுகள் அரித்துப்போவது அதன் தீராத வியாதி. வாங்க நினைப்பவர்கள் பெயின்ட் பளபளப்பை நம்பாமல், முதலில் அங்கே குனிந்து பார்க்கிறார்கள்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஐரோப்பாவுக்குப் போன ஈக்கோஸ்போர்ட் முதலில் சென்னை ஆலையில் தயாரானதுதான். 2017-ல் அந்த வேலை ருமேனியாவின் கிரயோவாவுக்குப் போனது; புதிய பூமா பிறந்ததும் அங்கேதான். இங்கே ஃபோர்டு 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது, பூமா இந்தியாவுக்கு வரவே இல்லை.

இரண்டில் ஒன்றைக் கொடுத்தால்? தினமும் ஆபீஸ் போக எஸ்யூவி-தான், யோசிக்கவே வேண்டாம். ஆனா ஞாயிற்றுக்கிழமை காலையில், மலைப் பாதையில், பின்சீட்டில் யாரும் இல்லாதபோது... அந்தப் பழைய சாவியைக் கொடுங்க.