ஏழு அட்டைகள், பன்னிரண்டு சொற்கள்

ஹைப்போகிளைசீமியா, ஹைப்பர்கிளைசீமியா. இவ்விரு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கின்றன அல்லவா? ஆனால் முதலாவது, இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோன நிலை. இரண்டாவது, மிகுந்துபோன நிலை. சொல்லை மாற்றிக் கேட்டு, சர்க்கரை குறைந்தவருக்கு இன்சுலின் ஏற்றிவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து!

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காட்டை அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரும் சட்டம் 2020இல் வந்தது. ஆகவே, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒருவரின் மகள், தமிழ் வழியில் படித்தவள், நாளை அக்கல்லூரி வகுப்பில் அமரலாம். இத்தகைய ஆங்கிலச் சொற்கள் ஆயிரக்கணக்கில் அவளுக்காகக் காத்திருக்கும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியுமா?

அஞ்ச வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் துண்டுகளை ரயில் பெட்டிகள்போல் கோத்தவை. ஒரு விளையாட்டின் மூலம் இதை நீங்களே கண்டறியலாம்.

பழைய காலண்டர் அட்டையில் ஏழு துண்டுகள் வெட்டுங்கள். நான்கில் உறுப்புகளை எழுதுங்கள்: கார்டியோ (இதயம்), ஹெபட்டோ (கல்லீரல்), நெஃப்ரோ (சிறுநீரகம்), காஸ்ட்ரோ (இரைப்பை). மூன்றில் ஈறுகளை எழுதுங்கள்: ஐட்டிஸ் (அழற்சி), மெகலி (வீக்கம் அல்லது பெருக்கம்), பதி (நோய்). பொருளைப் பின்புறம் எழுதுங்கள். நண்பர் ஓர் உறுப்பையும் ஓர் ஈற்றையும் சேர்த்து வைக்கட்டும்; நீங்கள் பொருள் சொல்லுங்கள். ஹெபட்டோவும் ஐட்டிஸும் சேர்ந்தால் ஹெபட்டைட்டிஸ், அதாவது கல்லீரல் அழற்சி. கார்டியோமெகலி என்றால்? இதயம் பெருத்திருத்தல்! ஏழே அட்டைகள்; 4 × 3 = 12 சொற்கள்.

சொற்கள் மறக்காமலிருக்கவும் வழி உண்டு. ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் 1970களில் அட்டைப் பெட்டி முறையொன்றை விளக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். சில நாள் கழித்தே திரும்ப எடுக்கப்படும். தவறினால் முதல் பெட்டிக்கு வந்துவிடும்; அதை நாள்தோறும் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து தேடி எடுப்பதே நினைவை உறுதியாக்குகிறது. விளையாட்டின் பயன் இதுதான்.

இனி, இரண்டு அட்டைகள் கூடுதலாக வெட்டுங்கள்: ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (மிகை). ஹைப்பர்டென்ஷன், ஹைப்போதைராய்டிசம் ஆகியவற்றின் பொருள் என்ன? சொல்லிப் பாருங்கள்!