உங்களுக்குத் தெரியுமா? கேள்விக்குறியில் தொடங்கும் பெயர்கள்

கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் படிப்பவரானாலும் சரி, ரெட்மண்டில் வேலை பார்ப்பவரானாலும் சரி, விண்டோஸில் சி பிளஸ் பிளஸ் எழுதினால் ‘எல்என்கே 2019’ பிழை ஒருநாள் வந்தே தீரும். லைப்ரரி இருக்கும், ஃபங்ஷனும் அதற்குள் இருக்கும். லிங்கர் மட்டும் இல்லவே இல்லையென்று சாதிக்கும்.

ஃபங்ஷனின் பெயரோடு அது வாங்கும் தரவு வகைகளையும் கோத்து, கம்பைலர் புதுப்பெயர் சூட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் சூட்டும் பெயர் கேள்விக்குறியில் தொடங்கும். ஜிசிசி கம்பைலர் சூட்டுவது அடிக்கோட்டில். லைப்ரரியை ஒன்றிலும் உங்கள் நிரலை மற்றொன்றிலும் தொகுத்தால், லிங்கர் தேடும் பெயர் லைப்ரரியில் இருக்காது. பெயரை மட்டும் ஒப்பேற்றிச் சேர்ப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்: கிளாஸ்களின் நினைவக அமைப்பும் இரண்டிலும் வேறு.

மூலநிரல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கம்பைலரில் தொகுத்துவிடுங்கள். இல்லையா? லைப்ரரியை உருவாக்கிய அதே கம்பைலரில், ‘எக்ஸ்டெர்ன் சி’ போட்ட சிறு டிஎல்எல் ஒன்றைச் செய்து அதன் வழியே அழையுங்கள். அது ஒதுக்கிய நினைவகத்தை அதுவே விடுவிக்கட்டும்.

விஷுவல் ஸ்டூடியோ 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகள் தமக்குள் ஒத்துப்போகும். லிங்கர் மட்டும் அவற்றில் புதியதாக இருக்க வேண்டும். எதற்கும் முதலில் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டனவா என்று பாருங்கள். அப்போதும் இதே பிழைதான் வரும்.