ஆசிரியர் தொழிற்சாலைக்குப் போகட்டும்

பொறியியல் பாடநூல் ஒன்றைப் பிரித்து அதிலுள்ள கணக்குகளைப் பாருங்கள். நீளம், எடை, தாங்கும் முறை எல்லாமே கொடுக்கப்பட்டிருக்கும். மாணவன் செய்ய வேண்டியது பொருத்தமான சமன்பாட்டைத் தேடி எடுப்பது ஒன்றுதான். தொழிற்சாலையில் எந்த இயந்திரமும் தன் கணக்கை எழுதிக் காட்டுவதில்லை. சத்தம் போடும், சூடேறும், சில சமயம் உடையும். எதை அளப்பது என்று கண்டுபிடிப்பதே அங்கு முதல் வேலை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மின்மோட்டார் ஒன்று ஒரு சுழல்தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் நடுவே கனமான சக்கரம். அதன் எடையால் தண்டு சிறிது தொய்கிறது. இத்தொய்வு தெரிந்தால், எந்த வேகத்தில் தண்டு கடுமையாக அதிரும் என்று சொல்லிவிடலாம். இதை மாறுநிலை வேகம் என்பர். ஊஞ்சலை அதன் தாளத்திற்கேற்பத் தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகிறதல்லவா? அதே ஒத்ததிர்வுதான் இதுவும். சக்கரத்தின் எடைமையம் அச்சைவிட்டு மயிரிழை விலகியிருந்தாலும் போதும், அது ஒவ்வொரு சுற்றிலும் தண்டைத் தள்ளும். தொய்வை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 946-ஐ வகுத்தால் மாறுநிலை வேகம் நிமிடத்திற்கு இத்தனை சுற்று என்று கிடைக்கும். தண்டின் எடையை இங்கே விட்டுவிடுகிறோம்.

தொய்வு 0.25 மி.மீ. எனில் விடை ஏறக்குறைய 1890. நான்கு துருவ மோட்டார், நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1500-க்குச் சற்றுக் குறைவாகவே சுழலும். எனவே ஆபத்தில்லை என்று எழுதி மாணவன் முழு மதிப்பெண் பெறுவான்.

பேரிங்குகள் அசையாதவை என்று யார் சொன்னது? எண்ணெய்ப் படலம் நெகிழும். இரும்புப் பீடம் நெகிழும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளரும். இவையெல்லாம் சேர்ந்து அதே எடைக்கு இன்னும் 0.16 மி.மீ. இறங்கினால் மொத்தம் 0.41 ஆகிறது. இப்போது வகுத்துப் பாருங்கள். விடை 1480-ஐ ஒட்டி வரும். மோட்டார் ஓடும் வேகமே அதுதான்! சமன்பாட்டில் பிழையில்லை. கேள்வித்தாளில் கொடுக்கப்படாத ஒன்று குறுக்கே வந்துவிட்டது.

கோவைப் பக்கம் பம்பு செய்யும் சிறு பட்டறை ஒன்றில், ஒரு கோடை விடுமுறையில் சில நாட்கள் இருந்தேன். அதிர்ந்துகொண்டிருந்த பம்பு ஒன்றைக் கண்டதும் நான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். வயதான ஃபிட்டர் ஒருவர் பீடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பம்பை நிறுத்தி, ஸ்பானரால் ஒரு போல்ட்டை முறுக்கினார். மீண்டும் ஓட்டியபோது அதிர்வு பெரும்பாலும் அடங்கியிருந்தது. "இந்த போல்ட்டு உங்க கணக்குல வருமுங்களா, சார்?" என்றார். இயற்பியல் ஆசிரியனான எனக்கே இந்த நிலை என்றால், இயந்திரம் செய்யப் போகிறவர்களுக்குப் பாடம் சொல்பவர் இதை அறியாமல் இருக்கலாமா?

நம் பொறியியல் மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்துவரும் நூல்களை எழுதிய ஸ்டீபன் டிமோஷென்கோவின் வாழ்க்கை இங்கு நினைவுக்கு வருகிறது. உக்ரைனில் 1878-இல் பிறந்து, கீவ் நகரில் பேராசிரியராக இருந்தவர் அவர். புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி 1922-இல் அமெரிக்கா சேர்ந்தார். மறு ஆண்டு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மனம் விரும்பிப் போன பயிற்சியன்று, பிழைப்புக்காகப் போனது. ஆனால் நான்கு ஆண்டுகள் மெய்யான இயந்திரங்களின் சிக்கல்கள் அவர் மேசைக்கு வந்தன. கணிதத்தில் பின்தங்கியிருந்த இளம் பொறியாளர்களுக்கு அங்கேயே வகுப்பும் நடத்தினார். 1927-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1928-இல் அதிர்வுகள் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளியாயிற்று. தொழிற்சாலையில் ஆற்றிய சொற்பொழிவுகளே அதன் விதை. கொடுத்ததும் பெற்றதும் இரு பக்கமும் நிகழ்ந்தன என்பதைக் கவனியுங்கள்.

பிற நாடுகள் இதைத் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. ஜெர்மனியில் தொழில்சார் உயர்கல்விக் கூடங்களில் பேராசிரியராக வேண்டுமெனில், பொதுவாக ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். அதில் மூன்றாண்டாவது உயர்கல்விக் கூடங்களுக்கு வெளியே பெற்றதாக இருக்கவேண்டும். பிரிட்டனில் ராயல் அகாடமி ஆஃப் எஞ்சினியரிங், பல்கலைக்கழக ஆசிரியர்களைச் சில மாதங்கள் தொழிற்சாலைக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை நடத்தி வந்தது. அவர்களுக்குப் பதிலாகப் பாடம் நடத்துவோருக்கு ஆகும் செலவுக்கும் உதவியது. இந்தக் கடைசி அம்சம்தான் முக்கியம் என்பேன். மாற்று ஆள் இல்லாமல் எந்தக் கல்லூரி முதல்வர் விடுப்புத் தருவார்?

ஐம்பது மாணவர்களுடன் பஸ்ஸில் போய், கேன்டீனில் தேநீர் அருந்தித் திரும்பும் தொழிற்சாலைப் பார்வை இதற்கு ஈடாகாது. முதல் மாதம் ஆசிரியரால் அங்கே யாருக்கும் பயனிராது; காலில் இடறும் பொருள்போல நின்றுகொண்டிருப்பார். ஓர் இயந்திரம் பழுதாகி, காரணம் தேடப்பட்டு, திருத்தப்பட்டு, மறுபடி ஓடுவதை முழுதும் உடனிருந்து பார்க்க அவருக்கு ஆறு மாதமாவது வேண்டும்.

அந்த ஃபிட்டரிடம் நான், போல்ட்டை முறுக்கினால் பீடத்தின் நெகிழ்ச்சி குறைந்து மாறுநிலை வேகம் மேலே ஏறிவிடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படீன்னா எத்தன முறுக்கு முறுக்கோணும்ங்க?" என்றார். என்னிடம் விடையில்லை. அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அளப்பதற்குள் கல்லூரி திறந்துவிட்டது.