குழந்தைப் புற்றுநோயும் சமூகப் பணியாளரும்

ஊசியும் மருந்துமல்லாத மருத்துவம் ஒன்று மருத்துவமனைகளில் உண்டு. 1895-இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் அம்மையார் தொடங்கிய சமூகப் பணியே அது. அப்பணி மிகக் கடினமாவது குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவிலேதான்.

குழந்தைகளுக்கு மிகுதியாக வருவது இரத்தப் புற்று. அதனை மருந்தால் தற்காலிகமாகத் தணிக்கலாம் என்பதை 1948-இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அம்மருந்தை ஆக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. இன்று செல்வ நாடுகளில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்ட குழந்தைகள் நலம்பெறுகின்றனர். வறிய நாடுகளிலோ 30-க்கும் குறைவு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலந்தாழ்த்திக் கண்டறிதல், மருந்துத் தட்டுப்பாடு ஆகியவை காரணங்களே. சமூகப் பணியாளர் நேர்நின்று போராடும் காரணமோ மற்றொன்று: மருத்துவம் இடையில் நின்றுபோவது.

முதல் மாதத்திலேயே பெரும்பாலான குழந்தைகளிடம் நோயின் அடையாளம் மறைந்துவிடுகிறது. முகம் தெளியும், பசி எடுக்கும். ஆயினும் மருத்துவம் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்தாலன்றி நோய் மீண்டும் தலைதூக்கும். மந்தின் வட்டாரத் தோட்டக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோலாலம்பூருக்குப் போய்வரும் நாளெல்லாம் கூலி இழப்பு. வீட்டிலோ மற்றப் பிள்ளைகள். முடி உதிர்ந்த பிள்ளையைக் கண்டு, "ஒட்டிக்கொள்ளும்" என்று அஞ்சுவோரும் உண்டு. (புற்றுநோய் தொற்றுவதன்று.) "பிள்ளைதான் தேறிவிட்டதே!" என்று பெற்றோர் நிறுத்தினால் அதனை அறியாமை என்று பழிப்பது எளிது. உண்மையில் அது வயிற்றுக் கணக்கு. ஆகவே நல்ல பணியாளர் அறிவுரைக்கு முன்னர், "அடுத்த முறை எப்படி வருவீர்கள்?" என்றே கேட்பார்.

அக்கேள்விக்கு விடைதரத் துணைகள் வேண்டும். 1966-இல் தோன்றிய மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம், சிகிச்சைக்கு வரும் குழந்தையும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்கக் கோலாலம்பூரில் இல்லம் அமைத்தது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் எழுந்த நிலையமும் ஏழைகளை எண்ணிப் பிறந்ததே.

தமிழாசிரியர்க்கும் இதில் வேலையுண்டு. சிகிச்சையிலுள்ள மாணவனுக்கு நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியிருக்கும். வகுப்பில் எவர்க்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால் அன்றே அவன் பெற்றோர்க்குத் தெரிவித்தல் உயிர்காக்கும் செயல். மருத்துவர் சொல்வதை மொழிபெயர்க்க அவனுடைய அக்காளையோ அண்ணனையோ நிறுத்துவது கொடுமை. அதற்குத் தமிழறிந்த பெரியவர் ஒருவர் வேண்டும்.

பணியாளரின் மனச்சுமையைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் ஒரு குழந்தையின் மரணத்தைக் கண்டவர், நண்பகலில் மற்றொரு தாய்க்கு நம்பிக்கை ஊட்டவேண்டியிருக்கிறது. அனுபவம் முதிர்ந்த ஒருவர் ஒழுங்காக உடனமர்ந்து அவர் சொல்வதைக் கேட்பதும், ஒருவர் தலையில் ஏற்றும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவதும் மருத்துவமனை நிருவாகத்தின் கடமைகளாகும்.