சில்லு மாறினாலும் கெர்னல் ஒன்றுதான்

ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் தொடுதிரையில் ஓடுவது ஆண்ட்ராய்டு. அதன் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். அதைத் தாங்குவது ஆர்ம் வகைச் சில்லு. மாநில எல்லைக்கு அப்பால் பெங்களூரு டேட்டா சென்டர்களின் இன்டெல் சர்வர்களில் ஓடுவதும் அதே லினக்ஸ்தான். இரண்டு சில்லுகளுக்கும் கட்டளை மொழியே வேறு. பிறகு எப்படி?

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது இன்டெல் 386 மட்டுமே கணக்கில் இருந்தது. வேறு கணினிக்கு இதைக் கொண்டுபோக முடியாது என்று அவரே அறிவித்திருந்தார். சில ஆண்டுகளில் டிஜிட்டல் நிறுவனத்தின் 64 பிட் ஆல்ஃபா சில்லுக்காக அவரே உட்கார்ந்து மாற்றி எழுதினார். சில்லைச் சார்ந்தது தனி, பொதுவானது தனி என்ற பிரிவினை அப்போதுதான் உறுதிப்பட்டது.

ஓசூர் எல்லையிலுள்ள ஜூஜுவாடி சோதனைச் சாவடியைத் தாண்டும் லாரிக்குச் சரக்கு மாறாது, பெர்மிட் விதிதான் மாறும். கெர்னலிலும் கோப்பு முறைமை, நெட்வொர்க் போன்றவை பொதுச் சரக்கு. கணினி உயிர்பெறும் முதல் கணம், நினைவகப் பக்க அட்டவணை, குறுக்கீடுகளைக் கையாளுதல் ஆகியவை 'ஆர்ச்' என்ற கோப்புறையில் சில்லுவாரியாக இருக்கின்றன.

உண்மையான தலைவலி கண்ணுக்குத் தெரியாத அனுமானங்களில். ஒரு கோர் தகவலை எழுதிவிட்டு, 'தயார்' என்று கொடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டெல் சில்லில் அந்த வரிசை பிறழாது. ஆர்மிலோ கொடி முன்னால் தெரிந்து, தகவல் பின்னால் வரலாம். இன்னொரு கோர் பழைய குப்பையைப் படித்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய நிரல் புதிய சில்லில் எப்போதோ ஒருமுறை மட்டும் கவிழும். இப்படிப்பட்ட பிழையைத் தேடுவது நரகம். அதனால் பொதுப் பகுதியில் 'இங்கே வரிசை முக்கியம்' என்று ஒரு தடுப்பு வைக்கிறார்கள். ஆர்மில் அது தனிக் கட்டளையாகிறது. இன்டெலில் பெரும்பாலும் கம்பைலருக்கான எச்சரிக்கையோடு முடிந்துவிடுகிறது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி குழு உருவாக்கிய சக்தி ப்ராசசர் 2018இல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுவது. அதற்கான ஆதரவு அந்த ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15இலேயே சேர்ந்திருந்தது. இயங்குதளத்தை அடியிலிருந்து எழுத வேண்டிய அவசியம் சென்னைக்கு வரவில்லை.

அதே 2018இல், 4.17 பதிப்பில், பிளாக்ஃபின் உட்பட எட்டு சில்லு வகைகள் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டன. பயன்படுத்துவோரும் இல்லை, பராமரிக்க ஆளும் இல்லை. இன்டெலின் சொந்தக் குழந்தையான ஐட்டானியத்துக்கும் 2024 ஜனவரியில், 6.7 பதிப்போடு, அதே கதி நேர்ந்தது.